சேலத்து வெயில், ஏற்காட்டு மூடுபனி: கிட்டார் நெக்கையும் ஃபிரெட்டையும் பராமரிக்க முழுமையான வழிகாட்டி

கோடையில் கிட்டார் கிர்ரென்று இரைய ஆரம்பித்ததும் பலருக்கும் முதல் சந்தேகம் ஃபிரெட் மேல்தான், அதாவது கைப்பிடியின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள் மேல்தான், விழுகிறது. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அரத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். ஃபிரெட்டிலிருந்து அராவி எடுத்த உலோகம் திரும்ப வராது. சேலம் வட்டாரத்தில் கிட்டாருக்கு வரும் கோளாறுகளில் நிறைய, மரம் குடித்த ஈரத்தாலோ இழந்த ஈரத்தாலோ வருபவை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே வரிசையில்தான் போகும். முதலில் ஈரப்பதம், அடுத்து கிட்டாரின் நீண்ட கைப்பிடியான நெக், கடைசியில்தான் ஃபிரெட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வளைந்த நெக்கின் மேல் ஃபிரெட்டைச் சமப்படுத்தினால், நெக் நிமிர்ந்த அன்று ஃபிரெட் கோணலாகிவிடும்.

மரமும் ஈரமும்

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் மதியக் காற்று மரத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டு மூடுபனிக்குள் வைத்த கிட்டாரோ ஈரத்தைக் குடித்து உப்பிப்போகும். ஏற்காட்டு விடுதிப் பள்ளியில் படிக்கிற பிள்ளை விடுமுறைக்குக் கிட்டாரைச் சேலத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், ஒரே நாளில் அந்த மரம் இரண்டு காலநிலைகளைப் பார்த்துவிடுகிறது.

அக்கூஸ்டிக் கிட்டாரில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். ஈரம் ஏறினால் மேல்பலகை உப்பும், அதன் மேல் கம்பிகளைப் பிணைத்திருக்கும் பிரிட்ஜ் உயரும், கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். ஈரம் இறங்கினால் பலகை உள்ளே தாழும், கம்பி ஃபிரெட்டை நெருங்கும், இரைச்சல் வரும். ஃபிரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிரெட்போர்டும் அகலவாக்கில் சுருங்கும். உலோக ஃபிரெட் சுருங்காது. அதனால்தான் கோடையில் நெக்கின் ஓரத்தைத் தடவினால் ஃபிரெட் முனைகள் கையைக் கீறுகின்றன.

கிட்டாருக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். இதை அளக்கச் சில நூறு ரூபாய்க்கு ஹைக்ரோமீட்டர் என்னும் டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கிறது. விலை மலிவான மீட்டர்கள் தப்பாகக் காட்டக்கூடும் என்பதால் உப்பை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும் அளவு சில துளி தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் காற்றுப் புகாமல் மூடி, குறைந்தது 8 மணி நேரம் வையுங்கள். மீட்டர் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சேலத்துக் கோடைக்கு, துளை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சை வைத்து, கிட்டார் பெட்டிக்குள் போட்டு மூடினால் போதும். சொட்டுத் தண்ணீர்கூட மரத்தில் படக் கூடாது. மழைக்கால ஏற்காட்டுக்கு இதற்கு நேர்மாறு: பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். அங்கே இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய சொரசொரப்பான கம்பி ஃபிரெட்டைத் தேய்த்துத் தின்றுவிடும் என்பதால், வாசித்து முடித்ததும் கம்பியைப் பருத்தித் துணியால் துடைத்து வைப்பது ஃபிரெட்டின் ஆயுளையும் நீட்டும்.

இன்னொன்று. ஏற்காடு ஏரிக்கரையிலோ சேலத்திலோ வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் பசை இளகும். கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கும்போது பசை இளகினால் பிரிட்ஜ் பெயரும், நெக் சேருமிடம் விட்டுக்கொடுக்கும். அது வீட்டில் சரிசெய்யக்கூடிய பழுது இல்லை.

ஊர் மாற்றிக் கொண்டுவந்த கிட்டாரில் முதல் சில நாட்களுக்கு எதையும் திருகாதீர்கள். அந்த அறைக்கு மரம் பழகட்டும். பிறகு அளக்கலாம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

கிட்டாரைச் சுருதி சேர்த்து, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மெதுவாக மீட்டிக் கேளுங்கள். எங்கே இரைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதி வைத்தியம் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

விரல் வைக்காத திறந்த கம்பியில் மட்டும் இரைந்தால், நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டான நட்டின் பள்ளம் தேய்ந்திருக்கிறது. 1 முதல் 5 வரையுள்ள ஃபிரெட்டுகளில் இரைந்தால் நெக் தேவைக்கு மேல் நிமிர்ந்துவிட்டது, அல்லது பின்பக்கமாக வளைந்துவிட்டது. 12-க்கு மேலே மட்டும் இரைந்தால், நெக் உடலோடு சேரும் இடத்தில் மேடு தட்டியிருக்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால் அதற்கு அடுத்த ஃபிரெட் உயர்ந்து நிற்கிறது. 5-ல் அழுத்தினாலும் 6-ல் அழுத்தினாலும் ஒரே சுரம் கேட்டால், 6-வது ஃபிரெட் மேலே எழும்பியிருப்பது உறுதி.

கம்பியை முறுக்கும் ட்யூனரின் தளர்ந்த மரை, நறுக்காமல் விட்ட கம்பி நுனி ஆகியவையும் இதே போல இரையும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கருவிகள்

கிட்டாருக்கென்றே செய்த கருவிகளை வெளியூரிலிருந்து வரவழைத்தால் விலை அதிகம். பெரும்பாலானவற்றுக்குச் சேலத்திலேயே மாற்று உண்டு. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டூவீலர் மெக்கானிக்குகள் டாப்பெட் செட் செய்ய வைத்திருக்கிற அதேதான். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் சன்னமான அரங்கள் கிடைக்கும். அதில் ஒரு முக்கோண அரம் வாங்கி, அதன் மூன்று விளிம்புகளையும் சாணைக்கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டால் ஃபிரெட்டின் தலையை உருட்ட அதுவே போதும். ஓரம் மரத்தில் உரசினாலும் கீறாது.

இவற்றோடு நேரான 30 செ.மீ. எஃகு ஸ்கேல், ஆலன் கீ செட், மாஸ்கிங் டேப், பெர்மனென்ட் மார்க்கர், 320 முதல் 2000 வரையுள்ள வாட்டர் பேப்பர், பித்தளை பாலிஷ், மெல்லிய சூப்பர் க்ளூ வேண்டும். சமப்படுத்துவதற்கு 40 செ.மீ. நீள அலுமினியச் சதுரக்குழாய் ஒன்று. அது உண்மையிலேயே நேராக இருக்கிறதா என்று தடித்த கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

நெக்கை அளப்பதும் திருகுவதும்

நெக் முழு நேராக இருக்கக் கூடாது. அதிரும் கம்பி நடுவில்தான் அதிகமாக விரியும். அதற்கு இடம் கொடுக்க நெக்கின் நடுவே மயிரிழை அளவு குழிவு வேண்டும். இதை ரிலீஃப் என்கிறார்கள்.

அளப்பது சுலபம். கிட்டாரை வாசிக்கிற நிலையில் பிடியுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். நெக் உடலைச் சேரும் இடத்தில், பல அக்கூஸ்டிக் கிட்டார்களில் அது 14-வது ஃபிரெட், தடித்த கம்பியை அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே நேர்கோடாகிவிடும். 7-வது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்கவும். அக்கூஸ்டிக்குக்கு 0.2 முதல் 0.3 மி.மீ., எலெக்ட்ரிக்குக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. இருந்தால் நல்லது. கேஜ் இல்லையென்றால் சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன் என்பதை வைத்துக் கணக்கிடலாம். மெல்லிய கம்பிப் பக்கமும் இதே போல அளக்கவும். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை நிமிர்த்தச் சூடும் கிளாம்ப்பும் வேண்டும், அனுபவமுள்ள கிட்டார் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

ரிலீஃபை மாற்றுவது நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு என்னும் எஃகுக் கம்பி. அதன் திருகு, ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கும், அல்லது ஒலித்துளைக்குள் இருக்கும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார்கள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. பழைய மலிவு கிட்டார்கள் சிலவற்றிலும் இருக்காது. அவற்றில் நெக் வளைந்திருந்தால் மெல்லிய கம்பிக்கு மாறி இழுவிசையைக் குறைப்பதே முதல் வழி.

திருகைப் பார்த்தபடி கடிகார முள் திசையில் திருகினால் ராடு இறுகி, நெக் நிமிரும், ரிலீஃப் குறையும். எதிர்த்திசையில் திருகினால் கம்பிகள் இழுத்து நெக் குழியும், ரிலீஃப் கூடும். ஆலன் கீ முழு ஆழத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். அளவு சற்றுச் சிறியதாக இருந்தாலும் திருகின் மூலைகள் மழுங்கிப்போகும். மழுங்கிய டிரஸ் ராடு பெரிய தலைவலி. இறுக்குவதற்கு முன் நடுக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு அரைக்கால் சுற்று, அதிகம் போனால் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து, அளந்து, மறுநாள் இன்னொரு முறை அளந்து பாருங்கள். மரம் ஆற அமரத்தான் நகரும். கையில் எதிர்ப்பு பலமாகத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ராடு உடைந்தால் ஃபிரெட்போர்டையே பெயர்க்க வேண்டியிருக்கும்.

கம்பி உயரமாக இருக்கிறது என்பதற்காக டிரஸ் ராடைத் திருகும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு, பல நல்ல நெக்குகள் இதனால்தான் பாழாகின்றன. கம்பியின் உயரத்தைத் தீர்மானிப்பது, பிரிட்ஜின் மேல் கம்பிகள் உட்காரும் சிறு துண்டான சேடில். ரிலீஃப் சரியான பிறகு 12-வது ஃபிரெட்டில் உயரத்தை அளக்கவும். அக்கூஸ்டிக்கில் தடித்த கம்பி 2.4 மி.மீ., மெல்லிய கம்பி 1.8 மி.மீ. அளவில் இருந்தால் பெரும்பாலோருக்குச் சௌகரியம். 12-ல் 0.5 மி.மீ. குறைய வேண்டுமென்றால் சேடிலின் அடிப்பக்கத்தில் 1 மி.மீ. தேய்க்க வேண்டும், 12-வது ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால் இந்த இரட்டைக் கணக்கு.

சேடில் ஏற்கெனவே தாழ்ந்துபோயும் கம்பி உயரமாகவே இருந்தால், நீண்ட ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்துப் பிரிட்ஜ் வரை நீட்டிப் பாருங்கள். ஸ்கேல் பிரிட்ஜின் மேல்தளத்தைத் தொட வேண்டும். அதற்கு நன்றாகக் கீழே முட்டினால் நெக்கின் கோணமே மாறிவிட்டது. நெக்கைக் கழற்றிக் கோணத்தைத் திருத்திப் பொருத்தும் வேலை அது. போல்ட் போட்ட நெக் என்றால் எளிது. பசையால் ஒட்டியதென்றால் ஆவி கொடுத்துப் பெயர்க்க வேண்டும். கிட்டாரின் விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

கிட்டார் கீழே விழுந்து நட்டுக்கு அருகில் ஹெட்ஸ்டாக் விரிசல் விட்டிருந்தால், முதல் காரியம் எல்லாக் கம்பிகளையும் தளர்த்துவது. அக்கூஸ்டிக்கில் வழக்கமான செட் போட்டாலே மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். மரத்துக்கான மஞ்சள் நிறப் பசையை விரிசலுக்குள் இறக்கி, கிளாம்ப் போட்டு, ஒரு முழு நாள் தொடாமல் வைக்க வேண்டும். சூப்பர் க்ளூவை இங்கே பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை அது உள்ளே போய்விட்டால் அடுத்து வேறு பசை பிடிக்காது.

சுத்தம் செய்தலும் எண்ணெயும்

கம்பி மாற்றும்போதெல்லாம் செய்யக்கூடியது இது. ஃபிரெட் பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். ஜெர்மன் சில்வர் என்று கடைத்தெருவில் சொல்வதும் இந்த வகைதான். வியர்வை பட்டால் பச்சை பூக்கும். மரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடி, ஃபிரெட் மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, பித்தளை பாலிஷ் தொட்ட துணியால் பளபளக்கும் வரை தேயுங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஸ்டீல் வுல் பயன்படுத்துவதானால், கம்பியின் அதிர்வை வாங்கும் காந்தப் பகுதியான பிக்கப்பை டேப்பால் மூடிவிடுங்கள், காந்தம் இரும்புத் தூளை இழுத்துக்கொள்ளும்.

ஈட்டி மரம், கருங்காலி ஃபிரெட்போர்டு வறண்டிருந்தால் மணமில்லாத மினரல் ஆயில் சில துளி தடவி, சில நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை தாராளம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்கு வாடை அடிக்கும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்தும் போகும். மார்கழி ஏற்காட்டில் ஃபிரெட் இடுக்கில் வெள்ளையாகத் திரண்டு நிற்கும். நல்லெண்ணெய் மெல்லப் பிசுபிசுப்பாகி அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். வார்னிஷ் பூசிய மேப்பிள் ஃபிரெட்போர்டுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள், தளர்ந்த ஃபிரெட்டுகள்

கோடையில் முனை கீறினால் முதலில் ஒரு வாரம் பெட்டிக்குள் ஈரப்பதம் கொடுத்துப் பாருங்கள். பல சமயம் மரம் பழைய அகலத்துக்குத் திரும்பிவிடும். அப்படியும் கீறினால், கிட்டார் நிரந்தரமாகச் சேலத்தில்தான் இருக்கப்போகிறது என்றால், மே மாத வறட்சியிலேயே முனைகளை அராவுவது புத்திசாலித்தனம். வருடத்திலேயே மரம் அதிகம் சுருங்கியிருக்கும் சமயத்தில் அராவியது, மற்ற மாதங்களில் வெளியே நீட்டாது. தட்டை அரத்தை நெக்கின் ஓரத்தோடு ஒட்டிப் படுக்க வைத்து, நீளவாக்கில் ஒரே திசையில் இழுங்கள். மரத்தைத் தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு முனையின் கூர்மையையும் சன்ன அரத்தால் இரண்டு இழுப்பில் உருட்டிவிடுங்கள்.

தளர்ந்த ஃபிரெட்டைக் கண்டுபிடிக்க, மூன்று ஃபிரெட்டுகள் மேல் மட்டும் படியும் நீளத்தில் நேரான எஃகுத் துண்டு ஒன்றை வைத்து ஆட்டிப் பாருங்கள். துண்டு நடுவில் ஆடினால் நடு ஃபிரெட் உயரம். அதை மரக்கட்டையால் அழுத்தினால் இறங்குகிறதா? இறங்கினால் அது கிளம்பிய ஃபிரெட். அதை அராவக் கூடாது. உட்கார வைக்க வேண்டும். நெக்குக்கு அடியில் மணல் நிரப்பிய சிறு பையைத் தாங்கலாக வைத்து, பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் தட்டுங்கள். மறுபடி எழும்பினால், இரு பக்கமும் டேப் ஒட்டி, மெல்லிய சூப்பர் க்ளூவை ஓரத்தில் ஒரு துளி ஓட விட்டு, கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

ஃபிரெட்டைச் சமப்படுத்துதல்

இதுவரை எல்லாம் செய்தும் இரைச்சல் பல இடங்களில் இருந்தால்தான் இந்தக் கட்டத்துக்கு வர வேண்டும். திறந்த கார்டுகள் (விரல் வைக்காத கம்பியும் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) வாசிக்கிற கைகளில் முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கம்பிக்கு அடியில் பள்ளம் விழும். பள்ளம் ஆழமாகிவிட்டால் சமப்படுத்துதல் ஒன்றே வழி. அதற்கு முன் ஃபிரெட்டின் உயரத்தை அளக்கவும். புதிதாக 1.1 முதல் 1.4 மி.மீ. வரை இருக்கும். வேலை முடிந்த பிறகு 0.7 மி.மீ.-க்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தால் அராவாதீர்கள், புது ஃபிரெட் போடுவதே மேல்.

ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். கம்பிகளைக் கழற்றி, நெக்கைத் தாங்கல்களில் படுக்க வைத்து, ஸ்கேலை வைத்துப் பார்த்தபடி டிரஸ் ராடைத் திருகி, ரிலீஃப் பூஜ்யமாகும்வரை கொண்டுவாருங்கள். மரத்தை டேப்பால் மூடுங்கள். ஒலித்துளையையும் மூடுங்கள். முகக்கவசம் அணியுங்கள்.

ஒவ்வொரு ஃபிரெட்டின் தலையிலும் மார்க்கரால் கறுப்புப் பூசுங்கள். அலுமினியக் குழாயின் ஒரு முகத்தில் 320 தாளை இருபக்க டேப்பால் ஒட்டி, நெக்கின் நீளவாக்கில், குழாயின் எடையைத் தவிரக் கை அழுத்தம் கொடுக்காமல் இழுங்கள். ஃபிரெட்போர்டு குறுக்கே லேசாக வளைந்திருக்கும். அதனால் ஒரே பாதையில் இழுக்காமல், ஒவ்வொரு கம்பி போகும் தடத்திலும் இழுத்து, வளைவைப் பின்தொடர்ந்து ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர வேண்டும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். உயர்ந்த ஃபிரெட்டில் கறுப்பு முதலில் போகும். தாழ்ந்ததில் கடைசியாகப் போகும். கடைசிக் கறுப்பும் மறைந்த அந்தக் கணமே வேலை முடிந்தது, அதற்குமேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

இப்போது ஃபிரெட்டுகளின் தலை தட்டையாகியிருக்கும். அப்படியே விட்டால் கம்பி ஃபிரெட்டின் உச்சியில் பட வேண்டியது முன்விளிம்பில் படும், சுரம் சற்றுக் கூடும். மறுபடி மார்க்கர் பூசி, முக்கோண அரத்தால் இரு பக்கச் சரிவையும் அராவி, தலையில் அரை மி.மீ. அகலத்துக்குக் கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும்படி உருட்டுங்கள். அந்தக் கோட்டைத் தொடக் கூடாது, தொட்டால் சமன் கெட்டுவிடும். பொறுமை அதிகம் வேண்டிய இடம் இதுதான். ஒரே மூச்சில் 20 ஃபிரெட்டையும் முடிக்காமல், ஐந்தைந்தாகச் செய்தால் கை நடுங்காது.

அரத்தின் கோடுகளை அழிக்க 400, 600, 800, 1000, 1500, 2000 என்று வரிசையாக வாட்டர் பேப்பர், கடைசியில் பாலிஷ். ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் கீறல் அடியில் தங்கிவிடும், கம்பியை வளைத்து வாசிக்கும்போது சொரசொரவென்று விரலுக்குத் தெரியும். கம்பி மாட்டி, சுருதி சேர்த்து, டிரஸ் ராடைத் திருகிப் பழைய ரிலீஃபுக்குக் கொண்டுவந்து, மறுபடி எல்லாச் சுரத்தையும் கேளுங்கள்.

புது ஃபிரெட்

வீணையில் பித்தளை மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும், வேண்டும்போது பெயர்த்து நகர்த்தலாம். கிட்டாரில் ஃபிரெட்டின் அடித்தண்டு மரத்தில் அறுத்த அரை மி.மீ. சொச்சம் அகலப் பள்ளத்துக்குள் முள் முள்ளாகப் பிடித்திருக்கிறது. பிடுங்கினால் மரம் சிம்பு சிம்பாக வரும். அதனால் சால்டரிங் அயர்னால் ஃபிரெட்டைச் சூடாக்கி, பழைய பசையை இளக்கி, வாய் தட்டையாகச் சாணை பிடித்த கட்டிங் பிளேயரால் ஓரத்திலிருந்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தூக்க வேண்டும். சூடான பசைப் புகை கண்ணை எரிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பெயர்ந்த சிம்புகளை அங்கேயே பசை வைத்து ஒட்டுங்கள்.

புது ஃபிரெட் கம்பியை ஃபிரெட்போர்டின் வளைவைவிடச் சற்று அதிகமாக வளைத்து, முதலில் இரு முனைகளையும் பிறகு நடுவையும் தட்டினால் கெட்டியாக உட்காரும். முதல் மூன்று, நான்கு மட்டும் தேய்ந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். புதியவை உயரமாக நிற்கும் என்பதால் மற்றவற்றின் மட்டத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஃபிரெட் ஏற்காட்டு ஈரத்துக்கும் தாங்கும், தேய்மானமும் மிகக் குறைவு. ஆனால் அதை அராவ நல்ல அரமும் இரண்டு மடங்கு நேரமும் வேண்டும். முதன்முதலாகச் செய்பவர்கள் நிக்கல் கலவையிலேயே பழகிக்கொள்ளுங்கள், அதுவும் பழைய கிட்டார் ஒன்றில்.

வெளியே கொடுத்துச் செய்வதென்றால், ரிலீஃப் எவ்வளவு, 12-ல் உயரம் எவ்வளவு, எந்தக் கம்பி எந்த ஃபிரெட்டில் இரைகிறது, அளந்த அன்று ஈரப்பதம் எவ்வளவு என்று எழுதிய தாளைக் கிட்டாரோடு கொடுங்கள். கிட்டார் இருக்கப்போவது மலை மேலா, கீழேயா என்பதையும் அதில் எழுதுங்கள். பஸ்ஸில் கொண்டுபோவதானால் கம்பிகளை இரண்டு சுரம் தளர்த்தி, பெட்டிக்குள் ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.